பற்சக்கரப் பரிசோதனை

கையால் வலை பின்னுவோர் ஒரே அகலமுள்ள சிறு பட்டையின்மேல் நூலைச் சுற்றி முடிச்சிடுவர். அப்பட்டையே அவர்தம் அளவுகோல். அதனால் கண்கள் யாவும் ஒத்திருக்கும். வலையில் ஒரு கண் பெரிதாயின் சில மீன்களே தப்பும். படகின் பொறியிலோ, பற்சக்கரத்தின் ஒரு பல் பிழைபடின் உயிர்க்கே இடர் நேரலாம். பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஆழங் குறைவது. அலைகளுக்கிடையே அதனைக் கடக்கும் வேளையில் பொறி நின்றுவிடின் படகு கவிழவுங் கூடும். ஆதலின் பற்சக்கரத்தைச் சோதிக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் வேண்டுவது சக்கரத்தைச் செவ்வனே நிறுத்துதல். அதன் நடுத்துளையில் நேரிய உருக்குத் தண்டொன்றை இறுகச் செருகி, தண்டின் இருமுனைகளையும் கூர்முனைத் தாங்கிகளிடையே பொருத்துவர். பின்னர்ப் பல்லிடை ஒவ்வொன்றிலும் ஓர் உருளைக் குச்சியை வைத்து, அதன்மீது முள் நகரும் வட்டமானியை நிறுத்தி அளவைக் குறிப்பர். நடுத்துளை 0.05 மில்லிமீட்டர் விலகியிருப்பின், மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் ஏறக்குறைய 0.10 மில்லிமீட்டர் வேறுபாடு தோன்றும்.

அடுத்தது பல்லின் தடிப்பு. பிரெஞ்சு அறிஞர் பியேர் வெர்னியே 1631-ஆம் ஆண்டில் வெளியிட்ட நுண்ணளவு முறையே பல்லளவைக் கருவிக்கு அடிப்படை. இக்கருவியில் இரண்டு அளவுகோல்கள் செங்கோணமாய் அமைந்துள்ளன. நிமிர்ந்த கோலைப் பல்லின் உச்சியில் ஊன்றி, கிடைக்கோலின் தாடைகளாற் பல்லைப் பற்றுதல் வேண்டும். மாடுல் 4 மில்லிமீட்டரும் 20 பற்களுமுடைய சாதாரணச் சக்கரத்திற்கு நிமிர்கோலை 4.12 மில்லிமீட்டரில் நிறுத்தினால், தடிப்பு 6.28 மில்லிமீட்டர் காட்டல் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அச்சக்கரத்தின் புறவிட்டம் 88 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். 87.8 மட்டுமே இருப்பின் உச்சி 0.1 மில்லிமீட்டர் தாழ்ந்துள்ளது. அதனையறியாது அளப்பின் தாடைகள் பல்லின் அடிப்புறத்தை நெருங்கும். அடிப்புறம் தடித்ததாதலின், மெலிந்த பல்லும் குறையற்றதெனத் தோன்றும். மெலிந்த பல் இணைப்பல்லோடு தளர்ந்து மோதி நாளடைவில் முறியும். எனவே புறவிட்டத்தை முன்னரே அளந்து, நிமிர்கோலை 4.02-க்குத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! கருவி பொய் சொல்வதில்லை. அதனை எவ்விடத்தில் ஊன்றினோம் என்பதை மறந்தால் நாமே பொய்யைப் படித்துக்கொள்வோம். அளக்குமுன் ஊன்றுமிடத்தைச் சோதித்தலே பரிசோதகனின் முதற்கடமையாம்.