கண்மணி சொல்வதும் கருவி சொல்வதும்

சுவிஸில் போதைப்பொருள் பாவித்துவிட்டு வாகனம் ஓட்டுவது பற்றி நம்மவர்கள் வீடுகளில் இரண்டு விதமான கதைகள் உலவுகின்றன. பிள்ளைகள் சொல்லும் கதை, "மணம் இல்லாவிட்டால் பொலிஸுக்கு ஒன்றும் பிடிபடாது" என்பது. பெற்றோர் சொல்லும் கதை, "எங்கட முகத்தைப் பார்த்தாலே போதும், மறித்து எல்லாச் சோதனையும் செய்வார்கள்" என்பது. முதல் கதையை நம்பி அனுமதிப்பத்திரத்தைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. இரண்டாவது கதையை நம்பி, தங்களுக்கு இருக்கும் உரிமையைக் கேளாமலே விடுபவர்கள் அதைவிட அதிகம். பொலிஸாருக்கு அளிக்கப்படும் பயிற்சி என்ன, சட்டம் அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டு கதையும் நிற்காது.

நம்பிக்கை: மது மணக்கும், ஊதினால் தெரியும். மற்றதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஒரு காலத்தில் இது உண்மைக்கு அருகில்தான் இருந்தது. 1970களில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸாருக்கு அடிக்கடி ஒரே சிக்கல் வந்தது. சாரதி நிலைதடுமாறுகிறார், பேச்சுக் குழறுகிறது, ஆனால் ஊதச் சொன்னால் மது மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அங்கிருந்த சில அதிகாரிகள் வைத்தியர்களின் உதவியோடு ஒரு பரிசோதனை முறையை வளர்த்தெடுத்தார்கள். 1979இல் அந்தப் பொலிஸ் திணைக்களம் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. பின்னர் 12 படிகளாகச் செம்மைப்பட்ட அந்த முறை, போதை தரும் பொருட்களை 7 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் உடலில் விடும் தடயத்தைத் தேடுகிறது. ஜேர்மன் பொலிஸாருக்கென 1990களில் சார்லாந்து பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர்களும் ஒரு பயிற்சி நெறியை உருவாக்கினார்கள்.

சுவிஸில் 26 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பொலிஸ் படை. அடிப்படைப் பயிற்சி இப்போது இரண்டு ஆண்டுகள்: முதலாம் ஆண்டு ஹிட்ஸ்கிர்ஹ், அம்ரிஸ்வில் போன்ற இடங்களிலுள்ள பொலிஸ் பாடசாலையில், இரண்டாம் ஆண்டு சொந்த மாநிலப் படையில். நியூசாத்தலில் இருக்கும் சுவிஸ் பொலிஸ் நிறுவனம் நாடு முழுவதற்குமான தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பு.

போதையை அடையாளம் காணும் பயிற்சி முதலில் கண்ணில் தொடங்குகிறது. ஹெரோயின், மோர்பின் வகை கண்மணியை ஊசிமுனையாகச் சுருக்கும். இருட்டிலும் அது விரியாது. கொக்கெய்ன், அம்ஃபெற்றமின் வகை அதை அகல விரிக்கும். டோர்ச் அடித்தாலும் மெதுவாகத்தான் சுருங்கும். கஞ்சா வெண்விழியைச் சிவக்க வைக்கும், மூடிய இமை துடிக்கும். தூக்கக் குளிசை வகையோ மதுவைப் போல வேலை செய்யும்: அதிகாரி ஒரு பேனாவைப் பக்கவாட்டில் நகர்த்த, அதைத் தொடரும் கண் சீராக ஓடாமல் துள்ளித் துள்ளிப் போகும். இரவில் யாருடைய கண்மணியும் விரிந்துதான் இருக்கும் என்பதால், "பெரிதாக இருந்தது" என்று மட்டும் எழுதும் அதிகாரி எதையும் நிரூபிக்கவில்லை. வெளிச்சம் பட்டதும் அது என்ன செய்தது என்பதே கேள்வி.

இன்னொரு சோதனை 30 செக்கன் மட்டுமே எடுக்கும். பாதங்களைச் சேர்த்து நின்று, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, கண்ணை மூடி, மனதுக்குள் எண்ணி, 30 செக்கன் கழிந்ததும் சொல்ல வேண்டும். அதிகாரி கையில் மணிக்கூடு. ஊக்கி வகைப் போதையில் இருப்பவர் 20 செக்கனிலேயே "முடிந்தது" என்பார். மந்தப்படுத்தும் வகை பாவித்தவர் 45 செக்கன் தாண்டியும் நின்றுகொண்டிருப்பார். உடல் முன்னும் பின்னும் ஆடுகிறதா, இமை துடிக்கிறதா என்பதும் அதே வேளையில் தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல், உள்ளே ஓடும் நேரம் குழம்பியிருப்பதைக் காட்டும் இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம்பிக்கை: பொலிஸார் நினைத்தால் யாரிடமும் சிறுநீர் கேட்கலாம்.

முடியாது. மதுவுக்கு முடியும். 2005 முதல் எந்தக் காரணமும் இல்லாமலே எந்தச் சாரதியையும் ஊதச் சொல்லலாம். போதைப்பொருளுக்குச் சட்டம் வேறு வாசலை வைத்திருக்கிறது. வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, ஓட்டத் தகுதியற்ற நிலைக்கான அறிகுறிகள் அந்த ஆளிடம் தென்பட வேண்டும். அவை மதுவால் மட்டும் விளைந்தவை அல்ல என்றும் இருக்க வேண்டும். அப்போதுதான் சிறுநீர், உமிழ்நீர் போன்ற முற்சோதனைக்கு இடம் உண்டு.

அறிகுறியைக் காண்பவர் அதிகாரி. அதை எழுதி வைப்பவரும் அவரே. அவருக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாவிட்டால் உண்மையில் போதையில் இருப்பவர் கையசைத்துக்கொண்டு போய்விடுவார், ஒன்றுமில்லாதவர் இரவு முழுக்க மாட்டிக்கொள்வார். 2024 ஜனவரி 1 முதல் இந்தப் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. ஓட்டத் தகுதியைக் கண்டறிய இரத்தம் எடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம், முன்பு வழக்குத்தொடுநர் அலுவலகத்திடம் இருந்தது, இப்போது பொலிஸாரிடமே தரப்பட்டிருக்கிறது. இடையில் இருந்த ஒரு இரண்டாவது பார்வை போய்விட்டது. அதனால்தான் பயிற்சியை நான் பொலிஸாரின் உள்வீட்டு விஷயமாகப் பார்க்கவில்லை. மறிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அது பாதுகாப்பு.

நம்பிக்கை: பதற்றப்பட்டால் சந்தேகம், கண்ணைப் பார்க்காவிட்டால் குற்றம்.

இது நம்மவர்களை மிகவும் தொடும் இடம். சீருடையைக் கண்டதும் உடம்பு நடுங்கும் ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. சோதனைச் சாவடிகளைக் கடந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு, பேர்ணில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி மறித்தாலும் உள்ளங்கை வியர்க்கும். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை. ஜேர்மன் மொழியில் கேட்ட கேள்வியை மனதுக்குள் தமிழாக்கிப் பதில் தேடும்போது பேச்சுத் தாமதிக்கும். நள்ளிரவு வரை உணவகச் சமையலறையில் புகைக்குள் நின்று, வெங்காயம் வெட்டிவிட்டு வருபவரின் கண்கள் கஞ்சா அடித்தவரின் கண்களைப் போலவே சிவந்திருக்கும்.

வியர்வை, தயக்கம், சிவந்த கண் ஆகிய மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் அறிகுறிதான். நல்ல பயிற்சி பெற்றவர் தனி ஒரு அறிகுறியில் நிற்க மாட்டார். அறிகுறிகள் ஒன்றோடொன்று ஒரே வகைப் பொருளை நோக்கிப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். கண் சிவந்திருக்கிறது, ஆனால் கண்மணி வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்குகிறது, நேரக் கணிப்புச் சரி, நடை நேர் என்றால் அது களைப்பு. (களைப்போடு ஓட்டுவதும் இங்கே குற்றம் என்பதை வேலை முடிந்து வருபவர்கள் மறக்கக் கூடாது. சட்டத்தின் 31ஆம் பிரிவு மது, போதைப்பொருள், மருந்து ஆகியவற்றோடு "வேறு காரணங்களையும்" சேர்த்தே சொல்கிறது.)

தோற்றத்தை வைத்து மறிப்பது பற்றிப் பெற்றோர் சொல்வது வெறும் கற்பனை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2015இல் சூரிச் ரயில் நிலையத்தில் அடையாளச் சோதனைக்காக மறிக்கப்பட்ட முகமது வா பைலே என்பவரின் வழக்கில், 2024 பெப்ரவரி 20ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சுவிற்சர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தோலின் நிறம் சோதனைக்குக் காரணமாக இருந்ததா என்பதைச் சுவிஸ் நீதிமன்றங்கள் முறையாக ஆராயவில்லை என்பதும் அதில் ஒரு கண்டனம். அது வாகன வழக்கு அல்ல. ஆனால் பயத்துக்கும் போதைக்கும் உள்ள வேறுபாடும், அகதியாக வந்தவரின் உடல்மொழியும் போதையை அடையாளம் காணும் வகுப்பிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நம்பிக்கை: குச்சியில் கோடு விழுந்தால் கதை முடிந்தது.

வீதியோரத்தில் நாக்கில் தடவும் குச்சி முற்சோதனை மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ருயிட் ஆய்வுத் திட்டம் எட்டு உமிழ்நீர்க் கருவிகளைச் சோதித்தபோது, தேடிய எல்லாப் பொருட்களிலும் 80 சதவீதத் துல்லியம் என்ற இலக்கை ஒன்றுகூட எட்டவில்லை. சிறுநீர்ச் சோதனைக்கு வேறு குறை. அது பழைய பாவனையையும் காட்டும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் "ஓப்பியம்" என்று கையைத் தூக்கும். சுவிஸில் தீர்ப்பு இரத்தத்தில்தான். கஞ்சாவின் போதைக் கூறான டிஎச்சிக்கு எல்லை லீற்றருக்கு 1.5 மைக்ரோகிராம், கொக்கெய்ன், ஹெரோயினிலிருந்து வரும் மோர்பின், அம்ஃபெற்றமின், எக்ஸ்டசி வகைகளுக்கு 15 மைக்ரோகிராம்.

நம்பிக்கை: மதுவுக்கு 0.5 மாதிரி, கஞ்சாவுக்கும் கொஞ்சம் அனுமதி உண்டு.

1.5 என்ற எண்ணைப் பார்த்து வரும் குழப்பம் இது. மதுவின் 0.5, அந்த அளவில் ஓட்டும் திறன் குறைகிறது என்பதை வைத்து வகுக்கப்பட்டது. டிஎச்சியின் 1.5 அப்படிப்பட்டதல்ல. "பொருள் இரத்தத்தில் இருக்கிறது" என்று ஆய்வுகூடம் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவு, அவ்வளவுதான். 2005 முதல் நடைமுறையில் இருப்பது பூச்சிய சகிப்பு. ஷாப்ஹவுசன் மாநில மேல்நீதிமன்றம், வெறும் எண்ணை வைத்து ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது என்று ஒரு சாரதியை விடுவித்தது. 2021இல் லொசானில் உள்ள சமஷ்டி உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ஏற்கவில்லை. பூச்சிய சகிப்பு நிலைத்தது.

இந்த விதி நியாயமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தினமும் புகைப்பவரின் கொழுப்புத் திசுக்களில் தங்கும் டிஎச்சி மெல்ல மெல்லக் கசியும். போதை இறங்கிப் பல நாள் ஆன பின்னும் இரத்தம் எல்லையைத் தாண்டி நிற்கலாம். ஆனால் பெடியள் நம்பும் "சனிக்கிழமை அடித்தது திங்கட்கிழமை இருக்காது" என்ற கணக்கு இதனாலேயே ஆபத்தானது. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை அல்லது பணத்தண்டம், குறைந்தது 3 மாதம் அனுமதிப்பத்திரம் பறிப்பு, அதோடு ஓட்டும் தகுதி பற்றிய மருத்துவ விசாரணை. தலைமுடியை வெட்டி ஆய்வு செய்வதும் அதில் வரும், செலவு சாரதியின் தலையில். வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு வேலையும் போகலாம்.

நம்பிக்கை: கடையில் வாங்கிய சிபிடி கஞ்சா சட்டபூர்வமானது, அதனால் ஓட்டலாம்.

வாங்கலாம், ஓட்ட முடியாது. சுவிஸில் 1 சதவீதத்துக்குக் குறைவான டிஎச்சி உள்ள சணல் போதைப்பொருள் சட்டத்தில் வராது. ஆனால் அதைப் புகைத்தாலும் இரத்தத்தில் 1.5ஐ எட்டிவிடலாம், இரத்தத்துக்குக் கடை எது என்று தெரியாது.

நம்பிக்கை: வைத்தியர் எழுதித் தந்த மருந்துக்குச் சட்டம் இல்லை.

பாதி உண்மை. வைத்தியரின் பரிந்துரைப்படி எடுப்பதை நிரூபிப்பவருக்குப் பூச்சிய சகிப்பு பொருந்தாது. 2022 ஓகஸ்ட் முதல் மருத்துவக் கஞ்சாவை வைத்தியர்கள் சிறப்பு அனுமதியின்றியே எழுதலாம் என்பதால் இது இப்போது பலரைப் பாதிக்கும் கேள்வி. ஆனால் அந்த மருந்து உண்மையில் அவரை ஓட்ட முடியாதவராக்கியிருந்தால் குற்றம் குற்றமே. தூக்கக் குளிசைக்கும் கடும் வலி நிவாரணிக்கும் இதே நிலைதான்.

இங்கே எண் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தடயவியல் மருத்துவர் மூன்று தூண்களில் நின்று கருத்துத் தருகிறார்: பொலிஸ் அதிகாரி வீதியில் கண்டது, வைத்தியர் உடலைப் பரிசோதித்துக் கண்டது, ஆய்வுகூடம் இரத்தத்தில் கண்டது. முதல் தூணை எழுதுபவர் மட்டுமே அந்த ஆளை ஓட்டிய கையோடு பார்த்தவர். வைத்தியர் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும், நிலை மாறியிருக்கும். "விசித்திரமாக நடந்துகொண்டார்" என்ற ஒரு வரி அந்தத் தூணைத் தாங்காது. "கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கினார், டோர்ச் வெளிச்சத்தில் கண்மணி மாறவில்லை" என்ற மூன்று வரி தாங்கும்.

போதை போலத் தெரியும் நோயும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் நம்மிடையே அதிகம். இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கினால் வியர்க்கும், குழறும், தள்ளாடும், சிலர் கோபப்படுவார்கள். போதையென்று எண்ணிப் பின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டால் உயிரே போகலாம். இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர், பாவிக்கும் மருந்துகளின் பட்டியலைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருப்பதும், மறிக்கப்பட்டவுடன் "டியாபேட்டஸ்" என்று சொல்வதும் நல்லது. மொழி போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அறிக்கையை விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நம்பிக்கை: மறுத்துவிட்டால் ஆதாரம் இருக்காது.

மறுப்பதே தனிக் குற்றம். 91அ பிரிவின்படி அதற்கும் 3 ஆண்டு வரை சிறை அல்லது பணத்தண்டம், அனுமதிப்பத்திரமும் குறைந்தது 3 மாதத்துக்குப் போகும். முக்கிய காரணம் இருந்தால் விருப்பத்துக்கு மாறாகவும் இரத்தம் எடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதிகாரி என்ன அறிகுறியைக் கண்டார் என்று கேட்பது மறுப்பு ஆகாது. அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதில் அறிக்கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.