நேப்பிள்ஸ்: முதலில் அருங்காட்சியகம், பிறகு பொம்பெயி

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரயிலை விட்டு இறங்கிய கையோடு பொம்பெயிக்கு ஓடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் அனுபவம் சொல்லும் முதல் யோசனை.

பொம்பெயி வீடுகளில் இருந்த சிறந்த ஓவியங்களையும் மொசைக்குகளையும் பாத்திரங்களையும் எப்போதோ பெயர்த்தெடுத்து நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அலெக்சாந்தர் போர்க்களத்தில் நிற்கும் புகழ்பெற்ற மொசைக்கின் அசல் அருங்காட்சியகத்தின் சொத்து. பொம்பெயி வீட்டுத் தரையில் கிடப்பது நகல். பொம்பெயியில் 1938-இல் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தப் பெண் சிலையும் இந்த அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனால், அங்கே வெறும் சுவர்கள் வெறுமையாகத் தெரியாது. அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இரண்டாவது, ஹெர்குலேனியத்தை விட்டுவிடாதீர்கள். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயி மேல் நுரைக்கல் மழையாகக் கொட்டியது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம் மூழ்கடித்தது. அந்தச் சூட்டில் மரம் கரியாகி, அப்படியே நிலைத்துவிட்டது. அதனால் மாடி வீடு, உத்தரம், கட்டில்கூட மிஞ்சியிருக்கின்றன. ஊர் சிறியது, அரை நாளில் நிதானமாகப் பார்க்கலாம். கடலோரப் படகுக் கொட்டடிகளில் ஏறக்குறைய 300 பேரின் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. அந்த இடத்தில் பேச்சு தானாக நின்றுவிடும்.

இரண்டு ஊர்களுக்கும் கரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கம்வெசுவியானா ரயில் போகிறது. சொரெண்டோ செல்லும் வண்டியில் ஏறுங்கள். கூட்டம் நெரியும், பிக்பாக்கெட் பயமும் உண்டு. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஹெர்குலேனியத்துக்கு எர்கொலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்கிக் கடலை நோக்கி நேராக நடந்தால் போதும்.

பொம்பெயியில் 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட் அவசியம். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். ஆனால் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் அன்று போகவேண்டாம். நிழல் அபூர்வம். தொப்பி, தேய்ந்த கல் பாவிய தெருவுக்கு ஏற்ற ஷூ, காலி பாட்டில் மூன்றும் எடுத்துப்போங்கள். உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சைவர்களுக்கு மரினாரா பீட்சா கைகொடுக்கும்: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டுமே, மீனும் இல்லை, சீஸும் இல்லை. காபியை உள்ளூர்க்காரர்களைப் போல நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் பொம்பெயியை விட்டுவிட்டு, காலையில் அருங்காட்சியகமும் மாலையில் ஹெர்குலேனியமும் பாருங்கள். அவசர நடையில் பார்க்கக்கூடிய ஊரல்ல பொம்பெயி. அதற்கென்று ஒரு முழுநாள் ஒதுக்க முடிகிறபோது போகலாம்.