கோபாலபுரத்திலிருந்து நொச்சிக்குப்பம்: ஒரு ராத்திரிச் சாப்பாடு

சென்னை கோபாலபுரத்தில் தங்குகிறீர்கள் என்றால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டை மீனவர் ஊரான நொச்சிக்குப்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராதாகிருஷ்ணன் சாலையில் கிழக்கே போய், காந்தி சிலையருகே வலப்பக்கம் திரும்பி, கலங்கரை விளக்கம் தாண்டினால் லூப் ரோடு. ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஆட்டோவில் போங்கள், கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

5 மணிக்கே போய்விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போது ஊரைப் பார்த்துவிட வேண்டும். இடப்பக்கம் படகு, வலை, கடல். வலப்பக்கம் அடுக்குமாடி வீடுகள். நடுவே நீங்கள் நிற்கும் தார்ச்சாலைதான் இந்த ஊரின் தீராத வழக்கு. படகு ஏற்றி, வலை காயவைத்து, மீன் விற்ற கரைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிறது அது.

1985-இல் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கரையிலிருந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற வந்தார்கள். மோதல் மூண்டது, போலீஸ் சுட்டது, மீனவர்கள் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. 2017 ஜனவரி 23-இல், ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களைக் கலைத்த நாளில், இதே கடற்கரையில் வடக்கே உள்ள நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கையொட்டி, இந்த லூப் ரோட்டு மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. ஊரே சாலையில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சுமார் 360 கடைகளோடு புதிய சந்தை திறந்தார்கள். கூரையும் மேடையும் நல்லதுதான். ஆனால் வீட்டு வாசலில் கடை போட்டவரைப் பார்த்து ஆக்கிரமிப்பு என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருட்டத் தொடங்கியதும் வறுவல் கடைகளில் எண்ணெய் காயும். மசாலா தடவிய மீனில் கண்ணையும் செவுளையும் பார்த்துப் புதுசா பழசா என்று கண்டுபிடிக்க முடியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் மீனும் இங்கே உண்டு. அதனால், "அக்கா, இன்னிக்கு நம்ம கரையில என்ன வந்துச்சு?" என்று கேளுங்கள். வெளியூர்க்காரர்கள் வஞ்சிரத்தையே தேடுவார்கள், விலையும் அதற்கேற்பத்தான். சங்கராவையும் நெத்திலியையும் கேட்டு வாங்குங்கள். கடம்பா எனும் கணவாய் கிடைத்தால் விடாதீர்கள், சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். விலையைப் பொரிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் குறையும், விலை ஏறும்.

கரையில் விரித்த வலையை மிதிக்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கடலில் இறங்கவே வேண்டாம், இழுவை பொல்லாதது. கூட வருபவர் சைவம் என்றால் அவருக்கு மயிலாப்பூர் மாட வீதிகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

நாள் பார்த்துப் போக முடியுமானால் பௌர்ணமியன்று போங்கள். இருட்டும் நேரத்தில் படகுகளுக்குப் பின்னால் கடலிலிருந்தே நிலா எழும்.