மீன் கூடும் இடத்தை முன்கூட்டி அறிவோம்!



சமீபத்தில் காத்திவாக்கம் பகுதிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு உறுப்பினர் தவணை கட்ட முடியாமல் தயங்கி நின்றார். காரணம் கேட்டோம். “ஒரே வாரத்துல மூணு தடவை டீசல் போட்டு அனுப்பினோம். மூணு தடவையும் வெறும் வலைதான் வந்துச்சு” என்றார். குழுவில் வாங்கிய கடன் கடலில் டீசலாகக் கரைந்துவிட்டது.

அப்போது இன்னொருவர், “மீன் எங்க இருக்குதுன்னு ஆம்பளைங்கதானே பார்க்கணும், நமக்கு எதுக்கு?” என்றார். கடன் நம் பெயரில் இருக்கிறது. மீனை விற்பதும் நாம்தான். அதனால் இது நம் சமாச்சாரமும்தான்! ஆகவே இந்த மாதப் பாடம் இதுவே.

மீன் ஏன் ஓரிடத்தில் கூடுகிறது?

கடல் மேலே ஒரே மாதிரி தெரிந்தாலும் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஓரிடத்தில் வெதுவெதுப்பாகவும் இன்னோர் இடத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் அடியிலிருந்து மேலே வரும்போது சத்தையும் கொண்டு வருகிறது. அந்தச் சத்தும் வெயிலும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத சிறு பாசிகள் பெருகும். பாசியைத் தேடி நுண்ணுயிர்களும் கவலை, நெத்திலி போன்ற சிறு மீன்களும் வரும். அவற்றைத் தின்ன சூரை, வஞ்சிரம் வரும். சோறு வெந்த வீட்டுக்குப் பிள்ளைகள் ஓடி வருவது போலத்தான்!

நம் பெரியவர்கள் இதைத் தண்ணீரின் நிறம், பறவைக் கூட்டம், காற்று, வன்னி வெள்ளமா தெண்டி வெள்ளமா என்பதை வைத்தே கண்டுபிடித்தார்கள். இன்று செயற்கைக்கோளும் இதையே பார்க்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும், பாசியின் பச்சை நிறத்தையும் அது அளக்கிறது. வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் சந்திக்கும் எல்லையும் பச்சையும் சேர்ந்த இடமே மீன் கூட வாய்ப்புள்ள இடம்.

இந்தத் தகவலை ஐதராபாத்தில் 1999-ல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இலவசமாகத் தருகிறது. தமிழிலும் கிடைக்கிறது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செல்போன் செயலியிலும் பார்க்கலாம்.

அறிவிப்பைப் படிப்பது எப்படி?

பயிற்சிக்காக ஓர் எடுத்துக்காட்டு: “திசை கிழக்கு, கோணம் 90, தூரம் 30–35 கி.மீ., ஆழம் 60–65 மீட்டர்.”

1. கோணம்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180. படகில் உள்ள காம்பஸில் இதே எண்ணைப் பார்க்கலாம்.

2. தூரம்: ஒரு கடல் மைல் என்பது 1.85 கி.மீ. ஆகவே 30–35 கி.மீ. என்றால் சுமார் 16 முதல் 19 கடல் மைல். போய்வர 60–70 கி.மீ. இதற்கு டீசல் எவ்வளவு? கிளம்பும் முன்பே கணக்குப் போடுங்கள்.

3. ஆழம்: ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். 60 மீட்டர் என்றால் சுமார் 33 பாகம். நம் வலைக்கு அந்த ஆழம் ஒத்து வருமா என்று வீட்டில் கேளுங்கள்.

4. எங்கிருந்து தூரம்? அறிவிப்பில் இறங்குதளத்தின் பெயர் இருக்கும். அங்கிருந்துதான் தூரமும் கோணமும். காசிமேட்டிலிருந்து சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு தாழங்குப்பத்திலிருந்து கிளம்பினால் இடம் 10 கி.மீ.க்கு மேல் தவறிப்போகும். ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டுப் போவதே சரி.

இதையும் மறக்க வேண்டாம்

• இது வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. வெள்ளம் இழுத்தால் இடமும் நகரும். பழைய அறிவிப்பை நம்பிப் போகக் கூடாது.

• மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்திலும் அறிவிப்பு வராது.

• முகத்துவாரம் பக்கம் கலங்கல் தண்ணீரில் பச்சை நிறக் கணக்கு தவறலாம். கரையோரம் வலை போடுபவர்களுக்கும், ஆற்றில் இறால் பிடிப்பவர்களுக்கும் இதனால் பயன் குறைவு. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் நம் பகுதியில் எண்ணெய் பரவியதே, அது போன்ற கேட்டையும் இந்த அறிவிப்பு சொல்லாது.

• மீன் இருக்கும் இடம் தெரிந்தாலும் கடல் சீறினால் போகக் கூடாது. முதலில் அலை, காற்று எச்சரிக்கையைப் பாருங்கள், பிறகுதான் மீன். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளிக்குக் கப்பல் வரும் வழியில் வலை விரிக்க வேண்டாம்.

• எல்லோரும் ஒரே மீனை ஒரே நாளில் கொண்டுவந்தால் ஏலத்தில் விலை விழும். ஐஸ், கருவாட்டுக்கு உப்பு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள்.

குழுவில் செய்வோம்

செல்போன் பார்க்கத் தெரிந்த ஓர் உறுப்பினர் தினமும் அறிவிப்பைப் பார்த்து, எச்சரிக்கையை முதலிலும் மீன் இடத்தைப் பிறகும் குழுப் பலகையில் எழுதட்டும். கூடவே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, அறிவிப்புப்படி போனார்களா, டீசல் செலவு, கிடைத்த மீன், விற்ற பணம். அறிவிப்புப்படி போன பத்து தடவையையும் போகாத பத்து தடவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கடலுக்கு இது பயன்படுகிறதா என்பதை நம் நோட்டே சொல்லிவிடும். பெரிய எஞ்சினுக்கோ ஜி.பி.எஸ்.-க்கோ கடன் கேட்கும் முன் இந்த நோட்டைக் கூட்டத்தில் வையுங்கள்.

அந்த உறுப்பினரின் தவணைக்குக் குழு ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தது. நோட்டை எழுதும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்!

கலந்து பேசுங்கள்

1. போன மாதம் உங்கள் வீட்டில் டீசலுக்கு ஆன செலவு எவ்வளவு?
2. மீன் வருவதை அறிய உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்த அடையாளங்கள் எவை?
3. உங்கள் குழுவில் பலகை எழுதப் போவது யார்?