இல்ல வெப்பத்தைத் தணிக்கும் இயற்கைப் பொருள்கள்

விடியுமுன் மரம் சீவச் செல்லும் தொழிலாளர், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகலாகிவிடுகிறது. உடல் ஓய்வை நாடும் அவ்வேளையில்தான் தகரக் கூரையும் மிகுதியாகக் காய்கிறது. உறக்கம் குறைந்தால் மறுநாள் உழைப்பும் தளரும். பிள்ளைகளின் படிப்பும் தடைப்படும்.

அத்தாப்பு வேய்ந்த பழைய வீடுகள் குளிர்ச்சியாக இருந்தன என்று பெரியோர் கூறுவர். அதன் காரணம் யாது? சதுப்பு நிலத்தில் வளரும் நீப்பா ஓலையை மரச்சிம்பில் மடித்துத் தைத்து, வரிசை வரிசையாக அடுக்குவர். அவ்வடுக்குகளுக்கிடையே காற்று அசையாமல் தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தகரமோ மெல்லிய உலோகம். மேற்புறம் ஏற்ற வெப்பத்தை விரைவில் வீட்டினுள் வீசுகிறது. மூங்கில், மரப்பலகை, தேங்காய் நார் ஆகியவையும் தம்முள் காற்றை அடக்கியிருப்பதால் வெப்பத்தைத் தடுக்கின்றன.

ஆயினும், தகரத்தை அகற்றி மீண்டும் ஓலை வேய்தல் நன்றன்று. ஓலை சில ஆண்டுகளில் மட்கிவிடும், எளிதில் தீப்பற்றும். 1961 மே 25ஆம் நாள், சிங்கப்பூரில் அத்தாப்பு வீடுகள் நெருங்கியிருந்த புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் மூண்ட தீயினால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர்.

எனவே, மழைக்குத் தகரமும் வெப்பத்திற்கு மூங்கிலும் என இரண்டையும் இணைப்பதே சிறந்த வழி. அதனைச் செய்யும் முறை வருமாறு:

1. மூங்கிலைப் பிளந்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து, நன்கு உலர்த்தித் தட்டியாக முடைய வேண்டும். இதனால் வண்டு துளைப்பது குறையும். அந்நீரைச் சிறுவர்கள் அணுகாதவாறு காக்க வேண்டும்.

2. தகரத்திற்குக் கீழே ஏறத்தாழ ஓரடி இடைவெளி விட்டு, அத்தட்டியை உட்கூரையாகப் பொருத்த வேண்டும்.

3. கூரை முகட்டின் இருமுனைகளிலும் திறப்பு வைத்து, எலியும் பறவையும் புகாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும். சூடான காற்று மேலெழுந்து இவ்வழியே வெளியேறும். மலாய்க் கம்பத்து வீடுகளில் ‘தெபார் லாயார்’ எனப்படும் முகட்டுப் பலகையில் திறப்புகள் அமைப்பதும் இதன்பொருட்டே.

4. அடுப்பிற்கு மேல் மூங்கில் தட்டி கூடாது. மின்கம்பிகளும் அதன்மீது படலாகாது.

குடியிருக்கும் வீடு தோட்டத்திற்கு உரியதாயின், நிர்வாகத்தின் இசைவைப் பெற்ற பின்னரே இப்பணியைத் தொடங்க வேண்டும். ஓய்வுக்காலத்திற்கெனச் சொந்த வீடு கட்டுவோர், இவ்வமைப்பைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் செலவு குறையும். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவருக்கு வீடேனும் நிழல் தரட்டும்.