ஒரே விகிதம், வேறு வேறு சுமை

எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வரி விதித்தால் சுமையும் சமம் என்று நம் வியாபாரிகளில் சிலர் எண்ணுவதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் 1994-ல் நூற்றுக்கு 3 எனத் தொடங்கிய பொருள், சேவை வரி 2024 முதல் நூற்றுக்கு 9. அரிசி, பருப்புக்கும் அது உண்டு. மாதம் 2,180 வெள்ளி சம்பளக்காரர் அவ்வளவையும் வரியுள்ள சரக்குக்கே செலவிட்டால் வரி 180 வெள்ளி. அதாவது வருமானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 8. மாதம் 21,800 வெள்ளி வருமானமுள்ள முதலாளி 5,450 வெள்ளியை அவ்விதம் செலவிட்டு மீதியைச் சேமித்தால் வரி 450. நூற்றுக்கு ஏறத்தாழ 2 தான்.

வருமான வரியோ வேறு வகை. வரிக்குரிய ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை. பின்னர் படிப்படியாக ஏறி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு நூற்றுக்கு 24. நிஸாபை எட்டியவர்மீதே ஜகாத் கடமையாவதை நாம் அறிவோம்.

ஏழைகளின் சுமையைக் குறைக்க 2012 முதல் அரசாங்கம் பற்றுச்சீட்டுத் திட்டம் நடத்துகிறது.

நம் பொறுப்பும் உண்டு. வரிக்குப் பதிவு செய்யாத கடை வரியென்று ஒரு காசும் வாங்கலாகாது. பதிவு செய்தோர் வசூலிக்கும் வரி அமானிதம். அதைக் கடை முதலோடு கலக்காமல் தனியே வைப்போமாக.