மழைநீரின் புளிப்பு

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கடலோரத்தில் அமைந்த ஊர் நெம்மேலி. கடல்நீரினின்று உப்பைப் பிரித்து, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் ஆக்கவல்ல ஆலை 2013ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்றது. இத்தொழிலைக் கதிரவன் பொறியின்றியே செய்கின்றான். அவன் வெப்பத்தால் நீர் ஆவியாகி மேலெழ, உப்புக் கடலிலேயே தங்கிவிடுகின்றது. அவ்வாவியே முகிலாகி, ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அக்கரையில் மழையாய்ப் பொழிகின்றது.

அங்ஙனமாயின் மழைநீர் முற்றும் தூயதோ எனின், அன்று. விழும் துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு புளிப்பு எய்துகின்றது. அமிலம் எனினும் புளிப்பு எனினும் பொருள் ஒன்றே. முன்னது வடசொல் வழி வந்தது. அறிஞர் இதனை எண்ணால் அளப்பர். ஏழு என்பது நடுநிலை. அதனின் ஓர் எண் குறையின் அமிலத்தன்மை பத்து மடங்கு மிகும். மாசற்ற மழைநீரின் அளவு ஏறக்குறைய 5.6 ஆகும். இஃது எவர் நாவிற்கும் புலப்படாது, தீங்கும் செய்யாது.

தீங்கு புகையால் வருவது. நிலக்கரியும் எண்ணெயும் எரியுங்கால் எழும் கந்தக வாயுவும் நைட்ரஜன் வாயுக்களும் முகில்நீரிற் கலந்து கொடிய அமிலங்களாகின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மழையை ஆராய்ந்த இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்பார், 1872இல் வெளியிட்ட தம் நூலில் இதனை அமில மழை என வழங்கினார்.

புகை எழும் ஊர் ஒன்று. மழை பெய்யும் ஊர் வேறொன்று. காற்றுக்கு எல்லைக்கல் நட்டவர் யார்? பிரிட்டனிலும் நடு ஐரோப்பாவிலும் எழுந்த புகை, சுவீடன், நார்வே நாடுகளின் ஏரிகளில் அமிலமாய் இறங்கிற்று. அப்பாறைநிலத்தில் புளிப்பை முறிக்கும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மண்ணிலிருந்த அலுமினியம் கரைந்து நீரிற் சேர்ந்து மீன்களின் செவுள்களைக் கெடுத்தது; முட்டைகள் பொரியவில்லை. ஏரிநீர் பளிங்குபோல் தெளிந்திருந்தது, மீன்களோ இல்லை. 1970களில் சுவீடன் நாட்டினர் ஏரிகளிற் சுண்ணாம்புத் தூளைத் தூவத் தலைப்பட்டனர்.

நம் நாட்டில் அவ்வேலையைப் புழுதியே செய்துவருகின்றது! நாம் வெறுக்கும் மண்தூசியிற் சுண்ணாம்புக் கூறு உண்டு. அது பல இடங்களில் மழையின் புளிப்பை முறிக்கின்றது. ஆயினும் அடைமழையின் தொடக்கத்திலேயே தூசி கழுவப்பட்டுவிடுமாதலின், பின்வரும் மழையிற் புளிப்பு மிகக்கூடும்.

மாமல்லபுரத்துச் சிற்பங்கள் கருங்கல்லாலானவை. கடலின் உப்புக்காற்றே அவற்றிற்குப் பெரும்பகை. அமிலம் அவற்றை மெல்லவே தீண்டும். ஆக்ராவின் தாஜ்மகாலோ சலவைக்கல்லாலாயது. சலவைக்கல் சுண்ணாம்புக்கல்லின் மாறிய வடிவமேயாதலின், அமிலம் பட்டாற் கரையும். அதனைச் சூழ்ந்துள்ள ஆலைகள் நிலக்கரியை விடுத்து இயற்கை எரிவாயுவிற்கு மாறுதல் வேண்டும், அன்றேல் அவ்விடம் விட்டு அகலுதல் வேண்டும் என 1996இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.